ஆஸ்பத்திரி அக்கா

எங்கள் வீட்டில் அக்கா என்றால் நான்தான். எனக்குப் பின்னால் பிறந்தவள் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் யாரும் பிறக்கவில்லை. ஆகவே அவளை அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் கிடையாது. ஒரு மத்தியானம் என் தையல் கடை வாசலில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் வந்து நிற்கும்வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா இருக்காங்களா?" என்றார் அந்தக் குடும்பத்து அம்மா.

"நான்தான். உள்ள வாங்க. என்ன தைக்கணும்?"

அவர் தன் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க, ஆஸ்பத்திரி அக்கா. இந்தக் கடைக்கு மேலதான் வீடுன்னு சொன்னாங்க."

என் தங்கை பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை பார்க்கிறாள். இறந்தவர்களைத் துடைத்து, தலை வாரி, வீட்டிலிருந்து வரும் துணியை உடுத்தி, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அவள் வேலை. அந்த அம்மாவின் கணவரையும் அவள்தான் அப்படி அனுப்பிவைத்திருக்கிறாள். அதற்காக ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் டூட்டியில் இருக்கிறாள் என்றதும் முகம் வாடிப்போனது. பையை என் மேசைமேல், நான் கோடு போட்டு வைத்திருந்த துணிமேலேயே வைத்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று மகன் போகிற போக்கில் கேட்டார்.

"அக்கா," என்றேன்.

பழத்தை நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, நல்ல பழம் என்றார்.

என் தங்கைக்கு வீட்டில் அவசரம் என்று பெயர். நடக்கத் தெரிவதற்குள் ஓடப் பார்த்தவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவாள். பஸ் நிற்பதற்குள் இறங்குவாள், நின்ற பஸ்ஸில் ஏற மறப்பாள். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவேன். குடும்ப நிலைமையால் நான் பாதியில் படிப்பை விட்டுத் தையல் கற்கப் போனதும் அவளும் நின்றுவிட்டாள். கூட்டிப்போக ஆள் இல்லையாம். ஊரே அவளைத் திட்டியது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அவளுக்கு வேலை தேடிக் கொடுத்ததும் நான்தான். துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்லி வைப்பேன். மருந்துக்கடையில் சேர்த்துவிட்டேன், இருமலுக்குக் கேட்டவருக்கு எறும்பு மருந்தை எடுத்து நீட்டினாள். ஒரு கம்பெனியில் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கோபமாகப் பேசியவர்களிடம் அவர்களைவிடக் கோபமாகப் பேசினாள். கடைசியில் என் கடையிலேயே உட்காரவைத்தேன். முதல் சட்டைக்கே இரண்டு கையையும் இடது கையாக வெட்டி வைத்தாள்.

"என்னடி இது?"

"விடு அக்கா. இடக்கைப் பழக்கம் உள்ளவங்க யாராவது வந்தா தள்ளி விட்டுடலாம்."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. என் தையலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும். நூல் பிசிறு ஒன்று தெரிந்தால்கூட துணியை வெளியே விட மாட்டேன். இந்தத் தெருவில் எனக்கு அந்தப் பெயர் உண்டு. இவள் இரண்டு நாள் என் எதிரில் இருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார்.

பிறகு அவளாகவே போய் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பிணவறையில் வேலை பார்த்த ஒரு அம்மா உடம்புக்கு முடியாமல் நின்றுவிட, அங்கே போக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இவள்தான் யோசிக்காமல் கை தூக்குகிற ஜாதி ஆயிற்றே, தூக்கிவிட்டாள். ஒரு வாரத்தில் அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்டதற்கு இதைச் சொன்னாள்:

"ஒருத்தர் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தார் அக்கா. உள்ள வரவும் மாட்டேங்கிறார், போகவும் மாட்டேங்கிறார். என்ன வேணும்னு கேட்டேன். அவர் வீட்டம்மாவுக்குப் பாதம் எப்பவும் குளிருமாம். மூடியிருக்கான்னு பாக்கணுமாம். போய்ப் பாத்தேன், ஒரு பாதம் வெளிய இருந்துச்சு. இழுத்து மூடிட்டு வந்து சொன்னேன். அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எனக்கு அங்கிருந்து வரத் தோணலை."

அங்கே போனபிறகு அவள் மெதுவானாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஒரு நாள் அவள் வீட்டில் விட்டுப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பிணவறைக்குப் போனேன். வயதான ஒருவர் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டிருந்தார். முதல் பையிலேயே மறுபடி மறுபடி கைவிட்டார். என் தங்கை அவர் பக்கத்தில் நின்றாள். சீக்கிரம் என்று சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. நான் ஊசியில் நூல் கோக்கும்வரை பொறுக்க மாட்டாதவள் அவள். அந்தப் பொறுமை எங்கே இருந்தது? இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்து எனக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லையே?

சாப்பாட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"உனக்குப் பொறாமை," என்றார் என் வீட்டுக்காரர்.

"பிணத்து மேலயா எனக்குப் பொறாமை?"

"அதுங்க மேலயும்தான். அவ கூட நிம்மதியா கொஞ்ச நேரம் உக்காரணும்னா நாம செத்துத்தான் போகணும் போல இருக்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதையே நினைத்திருந்தேன்.

அதனால்தான் இரண்டாவது மெஷினை வாங்கிப் போட்டேன். ஜன்னல் ஓரம், நல்ல வெளிச்சம் விழுகிற இடம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை புதிதாக வந்திருந்தது. நேராக ஓரம் அடிக்கத் தெரிந்தால் போதும். அவளை அங்கே உட்காரவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்த அறைதான், அந்த மனிதர்கள்தான்.

"வெள்ளிக்கிழமை எனக்கும் பதில் சொல்லு," என்றேன். "அங்கயா, இங்கயா?"

"சொல்றேன் அக்கா," என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே போன் செய்தாள். நான் பதில் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, போஸ்ட் ஆபீஸ் அம்மா தவறிட்டாங்க. விடியக்காலையில. உன்கிட்ட புதுசா ஒரு சட்டை தைக்கக் குடுத்திருந்தாங்களாமே? அதைப் போட்டு விடணும்னு அவங்க வீட்டுக்காரர் சொல்றார். முடிஞ்சிருந்தா எடுத்துட்டு வா."

போஸ்ட் ஆபீஸ் அம்மா என் பழைய வாடிக்கை. கவுண்டரில் உட்காருகிறவர் என்பதால் காலர் வைத்த சட்டைதான் போடுவார். அவருக்கு இடது தோள் சற்று இறக்கம். நான் உள்ளே மெல்லிய அட்டை வைத்து அதைச் சமன் செய்வேன். வேறு யாரிடமும் அவர் அளவு கொடுத்ததில்லை. சட்டை முடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். இவர் என் மனுஷி. இவரையாவது அவளிடம் முழுசாக விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிணவறை ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், துணி துவைக்கிற கட்டடத்தைத் தாண்டி இருக்கிறது. வண்டி தள்ளுவதற்குச் சரிவு, பச்சை வர்ணம் அடித்த கதவு, சுவரோரம் நீளமான பெஞ்சு. வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"அக்காவுக்கே அக்காவா! வாங்க, வாங்க."

பெஞ்சில் போஸ்ட் ஆபீஸ் அம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு. கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால்மேல் கிடந்தன. என்னைப் பார்த்ததும் சட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

தங்கை வெளியே வந்து சட்டைக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"நான் தைச்சதை நானே போட்டு விடறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பயமா இருந்தா வெளிய வந்துடணும். விழுந்து வெச்சேன்னா உன்னைத் தூக்க ஆள் இல்ல," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

வெள்ளை ஓடு பதித்த அறை. எங்கள் சமையலறையை அவள் ஒருநாளும் இப்படித் துடைத்ததில்லை. தூங்குகிற மாதிரி இருப்பார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுண்டரை மூடிவிட்டு ஆள் எழுந்து போன மாதிரி இருந்தது.

"பின்பக்கத்தை மேலேருந்து கீழ வரைக்கும் வெட்டணும் அக்கா," என்றாள் தங்கை.

"எதை?"

"சட்டையை. இவங்க கை இனிமே மடங்காது. முன்னாலேருந்து கையை நுழைச்சு, பின்பக்கத்தை ரெண்டு பக்கமும் கீழ செருகிடுவோம். வெளிய தெரியாது."

"என் தையலையா வெட்டச் சொல்றே?"

"நீயே வெட்டு. நான் வெட்டினா கோணிடும்."

வெட்டினேன். நடு முதுகில், கோடு போட்ட மாதிரி. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் கோணாமல் வெட்டினேன்.

அவள் வேலை செய்யும்போது பேசினாள், என்னிடம் அல்ல. "கையைக் கொஞ்சம் தூக்கிக்கிறேன்மா." "தலையை இந்தப் பக்கம் திருப்பறேன்." ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேட்டுக்கொண்டு செய்தாள். என் அலமாரியைத் திறந்து என் புடவைகளை ஒருநாளும் கேட்டு எடுத்தவள் இல்லை. நான் காலரைச் சரிசெய்தேன், தோளுக்குள் இருந்த அட்டையை நேராக்கினேன். அவள் கீழிருந்து பட்டன்களைப் போட்டுக்கொண்டே வந்து, கைகளைக் கழுவிவிட்டு, "ஐயாவைக் கூட்டிட்டு வர்றேன்," என்று வெளியே போனாள்.

அப்போதுதான் பார்த்தேன். கழுத்துப் பட்டன் போடாமல் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையில் சந்தோஷம்தான் வந்தது. அவசரம் இங்கேயும் அவசரம்தான், மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை. என் கடையிலிருந்து அப்படி ஒரு சட்டை வெளியே போனது கிடையாது. குனிந்து அந்தப் பட்டனைப் போட்டேன், காலரின் இரண்டு முனையும் ஒரே மட்டமாக நிற்கும்படி இழுத்துவிட்டேன்.

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், தலைமாட்டில் நிறுத்தினாள்.

"எல்லாம் ஆச்சுங்க ஐயா. கழுத்துப் பட்டன் மட்டும் நான் போடலை. அதை நீங்க..." என்று சொல்லிக்கொண்டே பார்த்தவள் நிறுத்திவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கை பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பிப் போனது. நான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று புரிந்தது. என்ன என்றுதான் முழுதாகப் புரியவில்லை.

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

"இதைப் போட்டது யாரு?"

"நான்தாங்க," என்றேன்.

"நீங்களா டெய்லரம்மா." அவர் முகத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. "அவ இந்தப் பட்டனைப் போடவே மாட்டாம்மா. கழுத்தைப் பிடிக்குதும்பா. உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு கடைக்குள்ள மட்டும் போட்டுக்குவா. தெரு முனை திரும்பினதும் கழட்டிடுவா. வண்டில உக்காந்துக்கிட்டே கழட்டுவா. 'அப்பாடா'ன்னு ஒரு மூச்சு விடுவா பாருங்க..."

அவர் இரண்டு கைகளையும் கொண்டுவந்து பட்டனைக் கழட்டப் பார்த்தார். பட்டன் நுழைகிற காஜாவை நான் இறுக்கமாகத்தான் எடுப்பேன். அந்தத் தடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. நான் உதவிக்குக் கை நீட்டினேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. அவர் கழட்டி முடிக்கும்வரை விடவில்லை. கழட்டியதும் அவர் காலரைச் சற்று விலக்கி, "போதுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்து, அவரை அங்கே விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"திட்டு," என்றேன்.

"எதுக்கு?"

"நீ அவருக்குன்னு விட்டு வெச்சதை நான் எடுத்துக்கிட்டேன்."

"ஆமா, எடுத்துக்கிட்டே. ஆனா நல்ல வேளை. நீ போட்டதாலதான் அவருக்குக் கழட்டக் கிடைச்சுது." அவள் காலை நீட்டிக்கொண்டாள். "எல்லாத்தையும் நாமளே முடிச்சுட்டா அவங்க வந்து சும்மா நிப்பாங்க அக்கா. ஏதாவது ஒண்ணு விட்டு வெச்சிருவேன். பட்டன், கண்ணாடி, தலைல ஒரு கிளிப்பு. அவங்க கையால ஒண்ணு செஞ்சுட்டுப் போகணும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லுவா? ஒரு நாள் மறந்துட்டேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தருக்கு கைப்பட்டன் போட மறந்துட்டேன். ஐயோ, மாட்டினோம்னு நினைச்சேன். அவர் பொண்ணு வந்து, 'அப்பா எப்பவும் இப்படித்தான்'னு சொல்லிட்டே போட்டு விட்டா. அந்த முகத்தைப் பாத்தேன். அன்னிலேருந்து வேணும்னே மறக்கறேன்."

நான் அந்தச் சட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு எத்தனை சட்டை தைத்துக் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி, கழுத்துப் பட்டனை நானே போட்டுவிட்டு, "எப்படி இருக்கு?" என்பேன். "பிரமாதம்" என்பார். இன்னும் எத்தனை பேர் என் தெரு முனை திரும்பியதும் கழட்டுகிறார்களோ. என் தங்கையின் அறையில் அரை மணி நேரத்தில் அவர் கணவர் சொன்னதை இத்தனை காலம் அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதே அவர் எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றேன்.

"தெரியும்."

"ஜன்னல் ஓரம் போட்டிருக்கேன் மெஷினை. வெயில் அடிக்காது."

"நான் வரலை அக்கா." மெதுவாகத்தான் சொன்னாள். "உன் கடையில நான் எதைக் கெடுத்தாலும் நீ பிரிச்சுத் திருப்பித் தைச்சுடுவே. சின்ன வயசுலேருந்து அப்படித்தானே. இங்க பிரிக்க முடியாது. ஒரு தடவைதான். அதனாலயோ என்னமோ, இங்கதான் எனக்குப் புத்தி ஒரு இடத்துல நிக்குது."

"அப்ப அந்தப் புத்தி வீட்டுல எங்கடி போகுது? ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நின்னு பதில் சொல்றே. எனக்குப் படியில ஓடிக்கிட்டே சொல்றே."

அவள் என்னைப் பார்த்தாள். இப்படிக் கேட்பேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நீ நாளைக்கும் இருப்பேன்னு நினைச்சுட்டேன் அக்கா," என்றாள். "இவங்களுக்கெல்லாம் இன்னிக்கு மட்டும்தான்."

அதற்குள் சரிவில் ஆட்கள் வந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கூட ஒரு முதியவர். அந்தப் பெண் ஒரு துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். என் தங்கை எழுந்துவிட்டாள். என்னோடு பாதியில் இருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். முதியவரின் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தாள், அந்தப் பெண்ணின் முதுகில் கை வைத்தாள், அவர்கள் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமை வந்தது. அவளுக்கு யார் போய்விட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது; ஆனாலும் வந்தது.

பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தேன். தங்கை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மூட்டைக்குக் கை நீட்டினாள். அந்தப் பெண் கொடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் கழிச்சுத் தர்றேனே," என்றாள். "சரிம்மா, அவசரமே இல்ல," என்றாள் என் தங்கை. சொல்லிவிட்டுப் பச்சைக் கதவுக்குள் போனாள்.

அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நீங்க இங்க அடிக்கடி வர்றவங்களா? அந்த அம்மா எப்படி? எங்க வீட்டுக்காரர் யாரும் தன்னைத் தொடறதை விரும்ப மாட்டார். அவங்க கையில நம்பி விடலாமா?"

மெஷின் ஜன்னலோரம் உறை போட்டு நின்றுகொண்டிருக்கும். சீருடைத் துணி திங்கட்கிழமை வந்துவிடும். நேராக ஓரம் அடிக்கத் தெரிந்த வேறு ஒருத்தியைத் தேட வேண்டும்.

"தைக்கறதுக்கு மட்டும் அவகிட்ட எதையும் குடுத்துடாதீங்க," என்றேன். "இதுக்கு விடலாம். என் தங்கச்சிதான்."

அந்தப் பெண் மூட்டையைத் தன் மடியில் வைத்து, முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்த சட்டையை எடுத்துக் காட்டினாள். நான் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ நன்றாகத் தைத்திருந்தார்கள். முதுகில் வெட்ட வேண்டியிருக்கும் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அதைச் சொல்வது என் வேலை அல்ல. என் தங்கை வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.